முதலாளி வீட்டு ஸ்டாண்டர்டு 2000

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் மாணவர் மன்றச் செயலாளர் மூன்று முறை என்னைப் பிடித்துவிட்டார். கவிதை எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது ஒரு கார். அதுவும் ஓடாத கார்!

முத்தையாபுரத்தில் திருச்செந்தூர் ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஓர் உப்பள முதலாளியின் குடோன். அதன் ஓரத்துச் சாய்ப்பில் முப்பது வருடமாக ஒரு தார்ப்பாய்க்கு அடியில் அது நின்றது. என் அப்பா அந்த அளத்தில் உப்பு வாருகிறவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் காரைக் கழுவுவது அவர் வேலை. துடைக்கலாம், உள்ளே உட்காரக் கூடாது. “உலகத்துலயே பெரிய காருலே அது. சீமைல போலீசே அதுலதான் போவாவளாம்” என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லுவார். நான் ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

அப்பா சொன்னதில் பொய் இல்லை. 1976-ல் இங்கிலாந்தில் சோலிஹல் என்ற ஊரில் ரோவர் கம்பெனி எஸ்.டி.1 என்ற காரை வெளியிட்டது. 3528 சி.சி., அலுமினிய வி-8 எஞ்சின், மணிக்கு 200 கிலோமீட்டர் தொடும். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசு வாங்கியது. 1982-ல் வந்த ‘விட்டெஸ்’ மாடலுக்கு 190 குதிரைசக்தி. பிரிட்டிஷ் போலீசும் ஓட்டியது.

ஆனால் முதலாளி வீட்டில் நின்றது அந்த ரோவர் இல்லை நண்பர்களே! வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில், ஹெரால்டும் கெசலும் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1985-ல் அந்த ரோவரின் பாடியை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த ‘ஸ்டாண்டர்டு 2000’. உள்ளே வைத்தது பழைய வேன்கார்டு காரின் நாலு சிலிண்டர் எஞ்சின், 83 குதிரைசக்தி. இதே குடும்பத்து எஞ்சின்தான் 1940-களில் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதது! பயில்வான் உடம்பில் பள்ளிக்கூடப் பையன் இதயம். பெட்ரோலோ தண்ணீராகக் குடிக்கும். அப்போது ஊரெல்லாம் மாருதி 800 வந்துவிட்டது. இதை யார் வாங்குவார்? 1988-ல் உற்பத்தி நின்றது.

இதையெல்லாம் லைப்ரரியில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தவன் சும்மா இருந்தேனா? ஒரு நாள் ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வழக்கம்போல அந்தக் காரைப் பற்றி ஆரம்பித்தார். “சிலாநத்தத்துல பேட்டரி கார் கம்பெனியே வந்தாச்சு. நீங்க இன்னும் அந்த டப்பாவையே சொல்லிட்டு இருக்கிய. அது டிராக்டர் எஞ்சின்பா, டுபாக்கூர்!” என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதன் பிறகு ஒரு மாதம் அப்பா வாயில் அந்தக் கார் வரவில்லை.

பொங்கல் லீவில் அவரே வந்தார். “ஏலே, முதலாளி அந்தக் காரை இரும்புக்குப் போடப் போறாவளாம். நீ படிக்கியே, எஞ்சினு சுத்துதான்னு ஒருக்கா பாப்பமா?”

நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டை வழியாக டீசல் ஊற்றி மூன்று நாள் ஊறப்போட்டோம். நாலாம் நாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனரை மாட்டி இரண்டு பேரும் இழுத்தோம். அசையவே இல்லை. சரி, ஆயிலாவது பார்ப்போம் என்று சம்ப் நட்டைக் கழற்றினேன். முதலில் வந்தது ஆயில் இல்லை, தண்ணீர்! செம்மண் நிறத்தில் ஒரு போணி நிறைய. அதற்குப் பிறகுதான் ஆயில் வந்தது.

அப்பா கேட்டார், “எஞ்சினுக்குள்ள எப்படிலே தண்ணி வந்துச்சு?”

அந்த எஞ்சினில் வெட் லைனர். அதாவது, பிஸ்டன் ஓடுகிற உருளை தனியாகக் கழலும். அதன் வெளிப்பக்கம் நேராகவே ரேடியேட்டர் தண்ணீரில் நிற்கும். கீழே எட்டு வடிவத்தில் ஒரு கேஸ்கட், அதுதான் தண்ணீரைத் தடுக்கிறது. இதைத் தரையில் சாக்பீஸால் படம் போட்டுச் சொன்னேன். தேய்ந்தால் லைனரை மாற்றினால் போதும், பிளாக்கை போர் போட வேண்டாம், டிராக்டர்காரர்களுக்கு இது எவ்வளவு வசதி என்றும் சொன்னேன். 83 மி.மீ. போர், 92 மி.மீ. ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர், பெருக்கினால் 1991 சி.சி. என்று கணக்கும் போட்டுக் காட்டினேன். அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரேடியேட்டருக்கு நாந்தான் தண்ணி ஊத்துவேன். நம்ம கிணத்துத் தண்ணி. உப்பா இருந்துச்சுன்னா கெட்டுப் போவுமா?”

நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். வாயில் வைக்க முடியாது. அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்று பரீட்சையில் நான் எழுதியிருக்கிறேன். ரப்பர் ஹோஸைக் கழற்றிய இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“இல்லப்பா. கேஸ்கட் பழசாயிட்டு. சும்மா நின்னாலே அப்படித்தான் ஆவும்” என்றேன். பாதி உண்மை.

“எனக்குப் பத்துப் பன்னெண்டு வயசுதாம்லே” என்றார் அப்பா. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இரும்புக்கடைக்காரர் லாரியோடு வந்தார். பாடியை அறுத்து ஏற்றினார்கள். ரோவரின் அந்த நீண்ட மூக்கு இரண்டாகிற சத்தம் ரோடு வரை கேட்டது. அப்பா முதலாளியிடம் போய் நின்று, எஞ்சினை மட்டும் கேட்டார். இரும்பு விலைக்கு என்ன உண்டோ அதை வாரக்கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். முதலாளி சிரித்துக்கொண்டே சரி என்றிருக்கிறார்.

இப்போது அது எங்கள் வீட்டுச் சாய்ப்பில் நாலு செங்கல் மேல் இருக்கிறது. அம்மாவுக்கு ஆட்டுக்குட்டி கட்ட இடமில்லை என்று கோபம். ஞாயிற்றுக்கிழமை அப்பா மண்ணெண்ணெய்த் துணியோடு உட்காருவார், நான் ஸ்பேனரோடு. மூன்று லைனர் கழன்றுவிட்டது. ஒன்றை நம் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வருகிறேன், யாரும் வந்து பார்க்கலாம். நாலாவது இன்னும் பிடிவாதமாக நிற்கிறது. “அடிக்காதலே, ஊறட்டும்” என்கிறார் அப்பா.

- இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல்