மூன்று கட்டங்கள்

குறுக்கெழுத்துப் புதிரில் நான் வல்லவன் என்னும் செருக்கு எனக்கு நெடுநாளாக உண்டு. ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஆங்கிலம் பயின்ற காலத்தில், பஸ் ஊர்ந்த நேரமெல்லாம் அப்புதிர்களோடுதான் கழிந்தது. 'மெதுவாக' என்று பொருள்படும் குறிப்பு ஐந்து கட்டங்களுக்கு வந்தால் இசைவாணர் வழங்கும் 'லெண்டோ'. ஆறாயின் 'அடாஜியோ' அல்லது 'ஸ்லோலி'. குறுக்கே வரும் சொல்லைக் கண்டு இரண்டில் ஒன்றைத் துணிவேன்.

இத்தனை அறிந்த எனக்குத் தமிழில் ஒரு வினையடையைக் கட்டத்தில் அமர்த்தத் தெரியவில்லை.

குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் நான் கிராணி. சென்ற ஆண்டு எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பிள்ளைகளுக்கென ஒரு புதிர் அமைத்துத் தரக் கேட்டார். ஆங்கிலப் புதிரொன்றை எடுத்து அப்படியே மொழிபெயர்க்க முனைந்தேன். இரண்டு மாலைகள் வீணாயின. நமது கட்டத்தில் உயிர்மெய்யும் ஓரிடம் பெறும். புள்ளி பெற்ற மெய்யும் ஓரிடம் பெறும். ஆனால் மெய்யெழுத்தை முதலாகக் கொண்டு தமிழில் எச்சொல்லும் பிறவாது. ஆகவே, மெய் விழுந்த கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லும் புறப்படாது. 1913 டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் முதற் புதிரை வெளியிட்ட ஆர்தர் வின் துரைக்கு இத்தொல்லை இல்லை. (1930களில் சென்னை வார இதழ்கள் இதனைப் பணப் பரிசுப் போட்டியாக்கிய கதை வேறு. அறிவை விட ஆசையையே அது வளர்த்தது. 1955இல் இந்திய அரசாங்கம் சட்டமியற்றி, மாதம் 1000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுகளைத் தடுத்தது.)

மூன்றாம் நாள் அலுவலகத்தில், "மெதுவாக, மெதுவாக" என்று நான் முணுமுணுத்துக் கொண்டிருந்தபோது ஒரு மூதாட்டியார் வாயிலில் நின்றார். ஓய்வுபெற்ற தொழிலாளி, எழுத்தறியாதவர்.

"என்னங்கய்யா தனியாப் பேசுறீங்க?"

"மெதுவாக என்பதற்கு வேறு சொல் தேடுகிறேன், பாட்டி" என்றேன், பாதி ஏளனமாக.

"மெல்லன்னு போடுங்க. பல்லு போச்சு, பாக்கை மெல்ல முடியலை. காலும் போச்சு, மெல்லத்தான் வர முடியுது. ரெண்டுக்கும் ஒரே சொல்லுதானே, ஐயா?"

நான் வாயடைத்துப் போனேன். ஆங்கிலப் புதிர்க்காரர் போற்றும் இரட்டைப் பொருட்குறிப்பு அதுவே. நம் புலவர்கள் சிலேடை என்றது அதனையே.

பிறகுதான் அவர் கையிலிருந்த தாளைக் கண்டேன். அதில் என் ஒப்பம் வேண்டி அவர் வந்தது மூன்றாம் முறை. "நாளை வாருங்கள்" என்று முன்னிரு முறையும் திருப்பியனுப்பியவன் நானே. பழைய லயத்திலிருந்து அலுவலகம் ஏறத்தாழ ஒரு மைல். அத்தூரத்தை அவர் எவ்வாறு கடந்தார் என்பதை அவர் வாய்ச்சொல்லே எனக்கு உரைத்துவிட்டது. நாற்காலி இட்டு அமர்த்தி, அக்கணமே ஒப்பமிட்டேன். வேலை இரண்டு நிமிடந்தான்.

அன்றிரவு புதிர் அமைந்தது. இடமிருந்து வலமாக 'மெல்ல'. குறிப்பு அம்மூதாட்டியார் தந்ததே. மெகரத்தின் கீழ் 'மெய்'. நடுவிலுள்ள லகர மெய்யில் மேலிருந்து வந்து முடியும்படி 'பால்'; இத்தோட்டம் ரப்பராயிருந்த நாளில் அவர் வாளியில் சுமந்த பால். கடைசி லகரத்திலிருந்து கீழே 'லயம்'.

ஆசிரியை படித்துப் பார்த்து, "லகரம் மொழிக்கு முதலில் வாராதே, ஐயா! நன்னூல் இடங்கொடாதே" என்றார். உண்மைதான். வேறு சொல் தேடினேன், கிட்டவில்லை. அப்படியே அச்சிட்டுக் கொடுத்தோம். பிள்ளைகள் பதினால்வரும் முதலில் நிரப்பியது அதனைத்தான்.