நெர்ஹா கடற்கரையில் பதினான்கு நாள்கள்

சுற்றுலா என்றாலே நம்மில் பலருக்கு அவசரம்தான் நினைவுக்கு வரும். விடியற்காலையில் பேருந்து, பத்து மணிக்கு ஓர் அரண்மனை, மதியம் இன்னோர் ஊர், ஏழு நாளில் ஐந்து நாடு! வீடு திரும்பியதும் எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்பதே மறந்து போகும். இங்கே நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட பயணம் அன்று. ஒரே ஊரில் பதினான்கு நாள் தங்கி, நடந்து, உட்கார்ந்து, பேசிக் கழித்த விடுமுறை இது.

ஊரின் பெயர் நெர்ஹா. ஸ்பெயின் நாட்டின் தென்கரையில், மாலகா நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நாங்கள் தோழியர் மூவர் அங்கே போயிருந்தோம். ஒருத்தி என்னுடன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவள். மற்றொருத்தி எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்து, தாதிமைப் படிப்புக்காக இங்கிலாந்து சென்று, அங்கேயே நிலைத்துவிட்டவள். வாடகைக்கு வீடு பார்த்து வைத்தவள் அவள்தான். மூவரும் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் போன பயணம் இது.

ஐரோப்பாவில் டிசம்பர் என்றால் பனி கொட்டும் என்று நினைப்போம். நெர்ஹாவில் அப்படியில்லை. ஊருக்குப் பின்னே அல்மிஹாரா மலைத்தொடர் சுவர் போல் நின்று வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுத்துவிடுகிறது. பகலில் 17, 18 டிகிரி இருக்கும். கேமரன் மலைக்குப் போகும்போது அணியும் கம்பளிச் சட்டையே போதும். இரவில்தான் குளிர் தெரியும். கடலில் இறங்கிக் குளிக்க முடியாது. கரையில் அமர்ந்து வெயில் காயலாம். இங்கிலாந்திலிருந்தும் பிற வடநாடுகளிலிருந்தும் ஓய்வு பெற்ற முதியவர்கள் குளிர்காலம் முழுவதையும் இங்கே கழிக்க வருவது இதற்காகத்தான்.

அங்கே காலம் நகரும் விதமே வேறு. நம் நாட்டைவிட அவர்கள் கடிகாரம் ஏழு மணி நேரம் பின்தங்கியது. டிசம்பரில் பொழுது விடியவே காலை எட்டு மணிக்கு மேலாகிறது. மதிய உணவு இரண்டு மணிக்குப் பிறகு. சிறிய கடைகள் பல அந்த நேரத்தில் கதவை மூடிவிட்டு ஐந்து மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். இரவு உணவோ ஒன்பதுக்கு மேல். இருட்டில் எழுந்து பிரட்டுக்குப் போன பெற்றோரின் பிள்ளைகளான எங்களுக்கு முதல் இரண்டு நாள் கையும் காலும் ஓடவில்லை. மூன்றாம் நாள்தான் ஒரு குவளை காப்பியை ஒரு மணி நேரம் குடிக்கப் பழகினோம்!

ஊரின் நடுவே கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனையை 'ஐரோப்பாவின் மாடம்' என்று அழைக்கிறார்கள். 1884ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இந்த வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. மறு மாதம் மக்களைப் பார்க்க வந்த பன்னிரண்டாம் அல்போன்சோ மன்னரே அந்தப் பெயரைச் சூட்டினார் என்று ஊரார் சொல்வார்கள். கம்பிமீது சாய்ந்து நிற்கும் அவருடைய வெண்கலச் சிலையின் தோளில் கைபோட்டுப் படம் எடுக்காதவர் இல்லை. டிசம்பர் 31 இரவு ஊரே அங்குதான் கூடியது. நள்ளிரவு மணியின் பன்னிரண்டு அடிகளுக்கும் அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை உண்ண வேண்டும். ஏழாவது திராட்சையில் சிரிப்பு வந்து மூவரும் தோற்றோம். ஜனவரி 5 மாலை மூவேந்தர் ஊர்வலம் வந்தது. மிட்டாய் வாரி இறைத்தார்கள். அந்நாட்டுப் பிள்ளைகள் பரிசுக்காக ஏங்கிக் காத்திருப்பது அந்த இரவுக்குத்தான்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய குகை உண்டு. 1959ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், வௌவால் பிடிக்கப் போன ஐந்து இளைஞர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே 32 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புத் தூண் ஒன்று நிற்கிறது. பத்துமலையை அறிந்த நாமும் அண்ணாந்து பார்க்க வேண்டிய காட்சி அது.

இவை எல்லாம் பயண நூல்களிலேயே கிடைக்கும் செய்திகள். என் மனத்தை விட்டு அகலாதது வேறொன்று.

நெர்ஹாவிலிருந்து மாரோ என்னும் சிற்றூருக்குப் போகும் வழியில், பள்ளத்தாக்கின் குறுக்கே செங்கல்லால் கட்டிய நீர்ப்பாலம் ஒன்று இருக்கிறது. நான்கு அடுக்கு, 37 வளைவுகள். ரோமானியர் காலத்ததோ என்று எண்ணினேன். இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு கரும்பாலைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. அந்த ஆலை இன்று இடிந்து கிடக்கிறது.

ஆம், வாசகர்களே! இன்று வெள்ளையர்கள் வெயில் காயும் அந்தக் கரை, ஒரு காலத்தில் கரும்புக் காடு. அரபு மக்கள் கொண்டுவந்த கரும்பு அங்கே பல நூற்றாண்டு விளைந்தது. கொலம்பஸ் 1493இல் தம் இரண்டாம் பயணத்தில் கானரித் தீவுகளிலிருந்து கரும்பைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து கரும்புத் தோட்டமும், அதனோடு அடிமைத்தனமும், பிறகு ஒப்பந்தக் கூலியும் உலகெங்கும் பரவின. நம் முன்னோர் மலாயாவில் முதலில் உழைத்த தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்கள் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் அவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ரப்பர் அதற்குப் பிறகு வந்தது. அந்தப் பாலத்தின் எதிரே நின்றபோது, ஏதோ அந்நிய நாட்டைப் பார்க்கிறோம் என்ற எண்ணம் எனக்கு இல்லாமல் போயிற்று.

நெர்ஹாவுக்கு மேலே மலையில் ஃபிரிஹிலியானா என்றொரு வெள்ளை நிறச் சிற்றூர். 1569இல் அங்கே நடந்த மொரிஸ்கோ மக்களின் கிளர்ச்சிக் கதையைச் சுவர்களில் பீங்கான் பலகைகளாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். தோற்றவர்களின் கதைதான்; ஆனாலும் மறைக்கவில்லை. அவ்வூரில் கரும்புப் பாகு காய்ச்சும் பழைய ஆலை ஒன்று இன்னும் நடக்கிறது. அதைக் 'கரும்புத் தேன்' என்பார்கள். பொரித்த கத்தரிக்காயின் மேல் அதை ஊற்றித் தருகிறார்கள். வாயில் வைத்ததும் என் தோழி, "நம்ம பாட்டி வெல்லப்பாகு!" என்றாள்.

கடைசிக் கரும்பாலை அந்தக் கரையில் 2006ஆம் ஆண்டு மூடப்பட்டது. கரும்பு நின்ற நிலத்தில் வீடுகளும் விடுதிகளும் எழுந்தன. மலைச்சரிவுகளில் அவகாடோவும் மாம்பழமும் வந்தன. அதற்கும் நீர் பற்றவில்லை. 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வட்டாரத்து லா வினுவேலா நீர்த்தேக்கத்தில் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு நீர்கூட இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்ததைக் கண்ணால் கண்ட நமக்கு இது புதிய கதையா?

ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் பாலத்தை இடிக்கவில்லை. செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள், இன்றும் அதில் பாசன நீர் ஓடுகிறது. மோத்ரில் நகரில் சர்க்கரைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் பக்கம் எத்தனை தோட்டங்கள் மறைந்தன! லயம் எங்கே இருந்தது, ஆயாக்கொட்டகை எங்கே, ரப்பர்ப்பால் நிறுத்த ஸ்டோர் எங்கே என்று காட்ட ஒரு செங்கல்லாவது மிஞ்சியதா? என் பள்ளியில் இப்போது ஐம்பது பிள்ளைகள்கூட இல்லை. அவர்களில் பலர் பால்வெட்டும் கத்தியைக் கண்டதில்லை.

நாட்டுக்கு அருங்காட்சியகம் கட்ட நம் கையில் பணமில்லை. ஆனால் வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். பழைய சம்பளச் சீட்டும், மங்கிய படமும், வாளியும் எங்கோ மூலையில் கிடக்கின்றன. அடுத்த விடுமுறையில் ஸ்பெயினுக்குப் போக முடியாவிட்டாலும், இரண்டு நாள் அவசரமில்லாமல் பெரியவர்கள் அருகில் உட்காருங்கள். தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கேட்கவும் நினைக்கவும் நேரம் தருவதுதான் ஓய்வு. நெர்ஹா எனக்குக் கற்றுத் தந்தது அதுவே.