ஆகஸ்ட் போகட்டும்

கிரேக்கத் தீவுகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர் அறுபதைத் தாண்டியவராக இருந்தால் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே போகவே கூடாது என்பது என் கட்சி. மகளுக்கு அப்போதுதான் லீவு, பேரனுக்கு அப்போதுதான் பள்ளி விடுமுறை, விமானத்தில் ஏதோ தள்ளுபடி என்று யார் என்ன காரணம் சொன்னாலும் சரி. ஐரோப்பாவில் பாதிப் பேர் கடற்கரைக்குக் கிளம்பும் மாதம் அது. ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள். அதையொட்டி ஏதென்ஸ்காரர்களும் தங்கள் பூர்வீகத் தீவுகளுக்குப் போய்விடுவார்கள். பிரேயஸ் துறைமுகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சான்டோரினித் தீவின் சொந்த மக்கள் ஏறக்குறைய 15,000 பேர். வந்துபோகிறவர்கள் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேல். பயணக் கப்பல்களிலிருந்து நாளொன்றுக்கு 8,000 பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்று வரம்பு கட்ட வேண்டிய நிலைமை. 2025 ஜூலை முதல் அந்தக் கப்பல் பயணிகளிடம் கட்டணமும் வாங்குகிறார்கள்: கோடையில் தலைக்கு 20 யூரோ, அக்டோபரில் 12, நவம்பர் முதல் மார்ச் வரை 4. எந்த மாதத்தில் வந்தால் தங்களுக்குச் சுமை என்பதை அரசாங்கமே விலைப்பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டது. நாம்தான் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், நாம் பார்க்காத கூட்டமா? வெயில் அப்படி இல்லை. ‘மெட்ராஸ்காரனுக்கு வெயிலைப் பற்றி யாரய்யா பாடம் எடுப்பது?’ என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நம் ஊரில் மே மாதத்து மதியம் இரண்டு மணிக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று அவர்களைத் திருப்பிக் கேட்பேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு மின்விசிறியின் கீழ்தானே? சுற்றுலா போனவன் அப்படிப் படுத்திருப்பதில்லை. காசு கொடுத்து வந்திருக்கிறோமே என்று மொட்டைப் பாறையில் நடக்கத் தொடங்கிவிடுகிறான். 2024 ஜூனில் பிரிட்டனின் தொலைக்காட்சிப் பிரபலம் மைக்கேல் மோஸ்லி சிமி தீவில் பகல் வெயிலில் தனியாக நடந்துபோய் உயிரிழந்தார். வயது 67. மருத்துவம் படித்தவர், உடல்நலத்தைப் பற்றியே நிகழ்ச்சிகள் செய்து பேர் வாங்கியவர். அதே ஜூனில் ஏதென்ஸில் அக்ரோபொலிஸைச் சில நாட்கள் மதிய வேளையில் மூடிவைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பரவி, ஏறத்தாழ 19,000 பேரை விடுதிகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வெளியேற்ற வேண்டியிருந்தது. மன உறுதி இருந்தால் வெயிலைத் தாங்கலாம் என்பது முப்பது வயதில் பேசுகிற பேச்சு.

செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் நிலைமை மாறத் தொடங்கும். கூட்டம் வடிந்துவிடும். ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் முழுக்க வடக்கிலிருந்து வீசும் மெல்தெமி என்ற வறண்ட காற்றும் தணிந்துவிடும். அந்தக் காற்று வெயிலைக் கொஞ்சம் தணிப்பது உண்மைதான். ஆனால் கப்பலைப் புரட்டி எடுக்கும், கடற்கரை மணலை வாரி முகத்தில் அடிக்கும். காற்று ஓய்ந்த பிறகும் கடல் மட்டும் வெதுவெதுப்பாகவே இருக்கும். நிலம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறுகிறது, கடலுக்கு இரண்டுமே தாமதம். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் ஒரு தோசைக்குத் தாங்குமே, அதுபோல. கிரீட் தீவை ஒட்டிய கடல் அக்டோபர் நடுவிலும் 22 டிகிரி அளவில் இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் பளீரென்று வெயில் அடிக்கும்போது கடலில் இறங்கினால் அதைவிடக் குளிரும்.

காற்றைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்றும் புதிய யோசனை இல்லை. யவனர்கள் நம் கரைக்கு வந்ததே அப்படித்தான். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து ஜூலை வாக்கில் புறப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றோடு வருவார்கள். வேலை முடிந்தாலும் காத்திருந்து, டிசம்பர், ஜனவரியில் காற்று திசை மாறிய பிறகுதான் திரும்புவார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடித் துண்டுகளில் ஏஜியன் கடலின் கோஸ் தீவு வகைச் சாடிகளும் உண்டு. ஹிப்போகிரட்டீஸ் பிறந்த தீவு அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கிருந்து இங்கே வந்தவர்கள் சௌகரியமான மாதத்துக்குக் காத்திருந்தார்கள். இங்கிருந்து அங்கே போகிற நமக்கு மட்டும் என்ன அவசரம்?

காத்திருப்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பொறுத்திருப்பது வேறு, தள்ளிப்போடுவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இருப்பவருக்கே சில சமயம் வித்தியாசம் தெரியாது. கூட்டம் குறையட்டும், காற்று தணியட்டும், விலை இறங்கட்டும் என்று பொறுப்பவர் அக்டோபர் முதல் வாரத்தில் கடலில் நிற்பார். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று தள்ளிப்போட்டவர் நவம்பரில் போய்ப் பூட்டிய விடுதியின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேராகத் தீவுகளுக்கு வரும் பருவகால விமானங்களில் பலவும் அதோடு நின்றுபோகின்றன. கிரீட்டில் உள்ள சமாரியா பள்ளத்தாக்கின் 16 கிலோமீட்டர் நடைபாதையை அக்டோபர் 31-ஓடு மூடுகிறார்கள் (நமக்கு அது வேண்டாம், கூட வரும் இளசுகளுக்காகச் சொல்கிறேன்). அக்டோபர் 28 அவர்களுக்குத் தேசிய விடுமுறை, 1940-இல் முசோலினியின் மிரட்டலுக்கு மறுப்புச் சொன்ன நாள். கிட்டத்தட்ட அதோடு பருவம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கையில் இருப்பது செப்டம்பர் இருபதுக்குப் பிறகு நாலைந்து வாரம்.

அந்த நாலைந்து வாரத்துக்குள் நம் வீட்டு நாட்காட்டியும் குறுக்கே வரும். மகாளய அமாவாசை, புரட்டாசிச் சனி, கொலு, ஆயுத பூஜை, பிறகு தீபாவளி. ‘கொலுவை விட்டுட்டு எப்படிங்க வர்றது?’ என்று என் மனைவி கேட்டாள், நியாயமான கேள்வி. விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் நடுவே மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாக எல்லா ஆண்டும் கிடைக்கும். பொம்மைகளைப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டுக் கிளம்பினால், தீபாவளி லேகியம் கிளறத் திரும்பி வந்துவிடலாம். விஜயதசமி வெகுவாகத் தள்ளி வரும் ஆண்டுகளில் மட்டும் இது உதவாது. அப்போது கொலுவுக்கு முன்பே போய்விட வேண்டும், அல்லது ஒரு வருடம் கொலுவை மருமகளிடம் ஒப்படைக்க வேண்டும். பின்னது நல்லது என்பேன். வீட்டில் வேறு யாருக்கும் கொலு வைக்கத் தெரியாமல் வைத்திருப்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

எந்தத் தீவு என்று கேட்டால், ஆண்டு முழுவதும் மனிதர்கள் வாழ்கிற தீவாகப் பாருங்கள். விடுதிகளை நம்பியே இருக்கும் சின்னத் தீவுகளில் அக்டோபர் நடுவிலேயே கடைகளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். கிரீட் அப்படியில்லை. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் பெரிய தீவு. மருத்துவமனை, பல்கலைக்கழகம், காய்கறிச் சந்தை எல்லாம் அவர்களுக்காகவே இருப்பவை. ஆர்தர் ஈவான்ஸ் 1900-இல் தோண்டத் தொடங்கிய க்னோசோஸ் அரண்மனை ஹெராக்லியோன் நகரத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. அருங்காட்சியகமும் அதே ஊரில். மதில் கொத்தளத்தின் மேல் ஸோர்பாவைப் படைத்த நாவலாசிரியர் நிகோஸ் கசான்ட்சாகிஸின் கல்லறை இருக்கிறது. இன்னொரு தீவு வேண்டுமானால் நாக்சோஸ்: உருளைக்கிழங்குக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர் போன விவசாயத் தீவு. கிறிஸ்துவுக்கு முந்தைய ஆறாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு வாசல் துறைமுகத்தை ஒட்டி நிற்கிறது. சான்டோரினியை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எரிமலைச் சாம்பலில் சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் புதைந்த அக்ரோதிரி நகரத்தைக் கூரை போட்டு நிழலில் காட்டுகிறார்கள், அதற்காகவே போகலாம். ஆனால் பழைய துறைமுகத்திலிருந்து ஊருக்கு 580-க்கும் மேற்பட்ட படிகள். கழுதையில் ஏறாதீர்கள், பாவம் அது. கேபிள் கார் இருக்கிறது. மொத்தத்தில் இரண்டு தீவு போதும். பத்து நாளில் ஆறு தீவு என்று விளம்பரம் செய்கிற பயணத் திட்டத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது துறைமுகத்தின் காத்திருப்புக் கூடத்தைத்தான்.

கப்பலிலும் அவசரம் வேண்டாம். பிரேயஸிலிருந்து நாக்சோஸுக்குப் பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். வேகப் படகு அதைவிடச் சீக்கிரம் போகும்; ஆனால் உள்ளேயே அடைந்து உட்கார வேண்டும், அலை கொஞ்சம் எழும்பினாலும் வயிற்றைக் கலக்கும். பெரிய கப்பலில் மேல்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து தீவுகள் வந்துபோவதைப் பார்க்கலாம். காற்று மிகுந்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். இலையுதிர்காலத்தில் அது நடக்கக்கூடியது. அதனால் ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு, முடிந்தால் இரண்டு இரவு, ஏதென்ஸில் இருப்பதுபோலத் திட்டமிடுங்கள். அலுவலகத்தில் இருந்த காலத்தில் காலி நாள் என்றால் வீணான நாள் என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கணக்கைச் சுமந்துகொண்டு திரிவானேன்?

அக்டோபரில் தீவுகளில் மனிதர்களும் வேறு மாதிரி இருக்கிறார்கள். உணவகத்தில் பரிமாறும் பையன் ஏப்ரலிலிருந்து தட்டு சுமந்தவன். சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னும் சில வாரத்தில் அவன் வீட்டுக்குப் போய்விடுவான், அல்லது அப்பாவோடு ஒலிவ மரங்களை உலுக்கப் போவான். கிரீட்டில் அறுவடை அக்டோபர் கடைசியிலிருந்து தொடங்கிவிடும். அதே பையனுக்குப் பேச நேரமும் அப்போதுதான் கிடைக்கிறது. நாக்சோஸின் அபிராந்தோஸ் என்ற மலைக்கிராமத்தில், பளிங்கு பாவிய தெருவில், கறுப்பு உடுத்திய பாட்டி ஒருத்தி வாசலில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவியின் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். நாற்காலியைக் காட்டினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. முழங்காலைத் தட்டிக் காட்டி இவள் முகம் சுளிக்க, அவள் இடுப்பைத் தட்டிக் காட்டி முகம் சுளிக்க, பேச்சு அரை மணி நேரம் நடந்தது. நான் பக்கத்தில் நின்று அவரை உரித்தேன். ஆகஸ்டில் அந்தத் தெருவில் அந்த நாற்காலியைப் போடவே இடம் இருந்திருக்காது.

சாப்பாட்டைப் பற்றிச் சைவர்கள் பயப்பட வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்பு நாட்கள் ஆண்டில் ஏராளம் என்பதால், மாமிசமும் பாலும் இல்லாத சமையல் அங்கே நன்றாகவே வளர்ந்திருக்கிறது. சான்டோரினியின் ஃபாவா நம் பருப்பு மசியலுக்கு நெருங்கிய உறவு. தக்காளிச் சாற்றில் வேகவைத்த பெரிய அவரைவிதை, அரிசி அடைத்த தக்காளியும் குடைமிளகாயும், எலுமிச்சை பிழிந்த வேகவைத்த கீரை எல்லாம் கிடைக்கும். ஒரு சின்ன ஊறுகாய்ப் பொட்டலம் எடுத்துப்போனால் குறை ஒன்றும் இல்லை.

இனி காகித வேலை. கிரேக்கத்துக்கு ஷெங்கன் விசா; கட்டணம் 90 யூரோ. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நம் வயதுக்குப் பிரீமியம் கடிக்கும். அதைவிட முக்கியம், ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் அந்தப் பாலிசி பொறுப்பேற்கிறதா என்பது. பொடி எழுத்தை மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள். மாத்திரைகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112.

செப்டம்பர் கடைசியில் கிளம்ப நினைப்பவர் மார்ச் கடைசியிலேயே விண்ணப்பம் போட்டுவிடலாம். பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும்; ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பீரோவில் இருக்கிற பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.