டிசம்பர் கணக்கு

அக்டோபர் 9, காஸ்குரோவ்

கவென்ட்ரியிலிருந்து தம்பி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். வாடகை கொடுத்து மாளவில்லையாம். நேரோபோட் ஒன்று வாங்கி, எங்களைப் போலக் கால்வாயிலேயே குடியிருக்கப் போகிறானாம். துணி துவைக்கும் இயந்திரம், இண்டக்ஷன் அடுப்பு, ஏர் ஃபிரையர், மின்சாரக் கெட்டில், சுவரளவு டிவி என்று பட்டியல் நீள்கிறது. கடைசியில், "அக்கா, எதை விடணும், எதைச் சேர்க்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்று ஒரு வரி. ஒரு வரியில் பதில் சொல்கிற கேள்வியா இது? குளிர்காலம் முடியும்வரை இந்த நோட்டில் எழுதிவைத்து அப்படியே அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.

முதலில் இடம். இங்கே குறுகிய கால்வாய்களில், படகை மேல்மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் லாக்குகளின் அகலம் ஏழடி. ஆகவே படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். எஃகுத் தகடு, அதற்குள் காப்பு நுரை, அதற்குள் பலகை எல்லாம் போக, உள்ளே ஆறடி தேறினால் அதிகம். 57 அடி நீளம் என்றால் நாட்டின் பெரும்பாலான கால்வாய்களுக்குள் போய்வரலாம் என்பார்கள். எங்கள் படகும் அந்த அளவுதான்.

அடுத்தது, நிற்கும் இடம். மரீனாவில் மாத வாடகைக்கு நிறுத்தினால் கரையிலிருந்து மின்சாரம் இழுத்துக்கொள்ளலாம். அப்படியானால் தம்பியின் பட்டியலில் பாதி சரிதான். எங்களைப் போல நிலையான இடம் இல்லாத படகுக்காரர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அது. வாடகைக்குப் பயந்து ஓடிவருகிறவன் மரீனாவுக்கு வாடகை கட்டப் போவதில்லை. எனவே நாடோடிக் கணக்கிலேயே எழுதுகிறேன்.

அக்டோபர் 21, ஸ்டோக் புரூயர்ன்

ஏழு லாக்குகள் ஏறி வந்தோம். தோள் வலிக்கிறது. லாக் மதகைத் திறக்கும் விண்ட்லஸ் கைப்பிடி இரண்டு வேண்டும். ஒன்று எப்போதாவது தண்ணீருக்குள் போய்விடும்.

இந்த ஊர்க் கால்வாய் அருங்காட்சியகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பழைய சரக்குப் படகுக் குடும்பங்களின் நினைவு வரும். எழுபதடிப் படகில் சரக்குக்குப் போக அவர்களுக்கு மிஞ்சியது பின்பக்கம் பத்தடி அறை. நுழைந்ததும் கரியடுப்பு. அலமாரிக் கதவைக் கீழே மடக்கினால் சாப்பாட்டு மேசை. குறுக்கே பலகை போட்டால் கட்டில். குடிநீருக்கு, ரோஜாவும் கோட்டையும் தீட்டிய பக்பி கேன். பிள்ளைகுட்டிகளோடு அதற்குள் வாழ்ந்தார்கள். அந்த அறையில் ஒரே வேலைக்கென்று இருந்த பொருள் அநேகமாக எதுவுமில்லை. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து, ஏற்கெனவே தளர்ந்திருந்த அந்தச் சரக்குத் தொழிலுக்கு முடிவு கட்டின. அந்த அறையின் அமைப்பை மட்டும் இன்றும் ஆசையாகக் கட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு பழமைப் பித்து கிடையாது. நின்று குளிக்க ஷவர் வேண்டும்.

அக்டோபர் 23

பிளிஸ்வர்த் சுரங்கம். 2,813 மீட்டர், 1805இல் திறந்தது. உள்ளே நடைபாதை கிடையாது. எதிர்ப்படகு வந்தால் உரசாமல் ஒதுங்கிப் போக இடமிருக்கிறது. சக்தி மிகுந்த முகப்பு விளக்கு என்று விற்பதை வாங்கிப் போட்டு எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்குகிறார்கள். நடுத்தர விளக்கு போதும். அதைச் சற்று மேலே, வலப்பக்கச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைக்க வேண்டும். காற்றுப் போக்கிகளின் அடியில் மழைபோலக் கொட்டும். நல்ல மழைக்கோட்டும் கருவிப் பட்டியலில் வரும்.

நவம்பர் 6, கெய்ட்டன் சந்திப்பு

முதல் உறைபனி. கணப்பை ஏற்றினோம். மோர்சோ ஸ்க்விரல் என்ற டேனிஷ் வார்ப்பிரும்பு அடுப்பு. கால்வாயில் பார்க்கிற படகுகளில் பலவற்றில் இதுதான் இருக்கும். இதைவிட மலிவான அடுப்புகளும் கிடைக்கும், ஆனால் அவற்றின் கதவு இறுக்கமாக மூடாது. நெருப்பை இரவெல்லாம் அடக்கிவைக்க அந்த இறுக்கம்தான் வேண்டும்.

டீசல் ஹீட்டர் வாங்கலாமா என்று தம்பி கேட்டிருந்தான். பொத்தானை அழுத்தினால் சூடு வருகிறது, உண்மைதான். ஆனால் அது பற்றிக்கொள்வதற்கே பேட்டரியிலிருந்து பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பேட்டரி சோர்ந்துகிடக்கிற அதிகாலையில்தான் அது தேவைப்படும். அன்றைக்குப் பற்றாது. கரியடுப்புக்கு மின்சாரமே வேண்டாம். மேலே வைத்திருக்கும் சிறு விசிறிகூட அடுப்பின் சூட்டிலேயே மின்சாரம் உண்டாக்கிச் சுற்றுகிறது. டீசல் ஹீட்டர் இரண்டாவதாக இருக்கட்டும்.

பருப்பு இந்த அடுப்பின் மேலேயே வெந்துவிடுகிறது. இட்லி மாவு பொங்க இந்த நாட்டில் நான் கண்ட ஒரே நம்பகமான இடம் அதன் பக்கத்துப் பலகைதான்.

2021 மே முதல் இங்கிலாந்தில் வீட்டு உபயோகத்துக்கு மூட்டையில் விற்றுவந்த சாதாரண நிலக்கரிக்கும், சிறு அளவில் விற்கும் ஈர விறகுக்கும் தடை. புகையில்லாக் கரிதான் வாங்க வேண்டும். கடுங்குளிரில் 25 கிலோ மூட்டை இரண்டு மூன்று நாள் வரும். எரிபொருள் படகு கால்வாய் வழியே வந்து கரி, கேஸ், டீசல் எல்லாம் கொடுத்துவிட்டுப் போகும். அது வரும் தேதியைத் தெரிந்துவைத்துக்கொள்வதும் ஒரு கருவிதான்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் பற்றிப் பேரமே கிடையாது. படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் நான்காண்டுக்கு ஒருமுறை. அதற்கே 2019 ஏப்ரல் முதல் இந்த அலாரம் கட்டாயம். குளிர்கிறது என்று காற்றுத் துளைகளைத் துணிவைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

நவம்பர் 19, வீடன்

சன்னல் சட்டங்களில் தண்ணீர் வழிகிறது. எங்கிருந்து வருகிறது என்று இவர் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். 13 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரைப் படகுக்குள் விடுகிறோம். நம் மூச்சும் குளியலும் கொடியில் காயும் துணியும் தனி. கரியடுப்பு தன் ஈரத்தைப் புகைபோக்கி வழியே வெளியே தள்ளிவிடும். ஈரம் வாங்கும் உப்புப் பெட்டிகளை விற்கிறார்கள், பெரிய பயனில்லை. சமைக்கும்போது மேல்துளையைத் திறந்துவைப்பதற்குக் காசு கிடையாது.

சிலிண்டர் சிவப்பா நீலமா என்றும் கேட்டிருந்தான். சிவப்பு. நீலத்தில் இருப்பது பியூட்டேன். உறைநிலையை ஒட்டியே அது ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரிவரை தாங்கும். இரண்டு சிலிண்டர் வைத்துக்கொள். ஒன்று தீரும் நேரம் பெரும்பாலும் குழம்பு பாதி கொதித்திருக்கும் நேரமாகத்தான் இருக்கும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் பெட்டியின் அடியிலிருந்து வெளியே வடியத் துளை இருக்கும். அந்தத் துளைமேல் கயிற்றுச் சுருளையோ சாக்கையோ வைத்துவிடாதே.

டிசம்பர் 2, வீடனுக்கு அப்பால்

இன்றைக்கு மின்சாரம். தம்பி ஆவலாகக் காத்திருப்பது இதற்குத்தான்.

எங்கள் ஒரு நாள் செலவு: 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு 40 ஆம்பியர் மணி. என் மடிக்கணினி வேலைக்கு முப்பது. விளக்கு, தண்ணீர் பம்பு, இணையப் பெட்டி, கைபேசிகள் எல்லாம் சேர்த்து இன்னொரு முப்பது. ஆக நூறு. அதாவது 1.2 யூனிட். ஊரில் ஒரு ஏசி ஒரு மணி நேரத்தில் தின்பது.

கூரையில் 400 வாட் சோலார். ஜூன் மாதத்தில் ஒன்றரை யூனிட் கிடைத்து, மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாது. டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, சூரியன் மரத்துக்குமேல் எழும்புவதே இல்லை. ஜூனில் வருவதில் பத்தில் ஒரு பங்கு வந்தால் உண்டு. படகு விற்கும் விளம்பரங்களெல்லாம் ஜூன் மாதத்தில் எடுத்த படங்கள். எந்தப் பொருளை வாங்கினாலும், அது டிசம்பர் இரண்டாவது வாரத்தில், மூன்று நாள் மூடுபனிக்குப் பிறகு, என்ன செய்யும் என்று கேள். அதற்குப் பதில் இருந்தால் வாங்கு.

சூரியன் கைவிட்டால் எஞ்சின். ஆனால் நிறுத்தியிருக்கும் படகில் இரவு எட்டிலிருந்து காலை எட்டுவரை எஞ்சினை ஓட்டக் கூடாது. இங்கேதான் ஈய அமிலப் பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் வித்தியாசம் தெரியும். ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும். மேலே ஏற்றவும் பொறுமை வேண்டும். கடைசி இருபது சதவிகிதத்துக்கு மணிக்கணக்கில் குடிக்கும். அடிக்கடி முழுதாக நிரப்பாமல் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் எண்பது தொண்ணூறு சதவிகிதம்வரை கொடுக்கும், அரைகுறையாக நிரப்பினாலும் கோபிக்காது, கொடுத்ததை மளமளவென்று வாங்கிக்கொள்ளும். அந்த வேகத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. எஞ்சினின் ஆல்டர்னேட்டரைத் தகிக்கவைத்துவிடும், ஆகவே நடுவே ஒரு டிசி–டிசி சார்ஜர் கட்டாயம். இன்னொன்று, உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யவே கூடாது. பழைய பேட்டரிகள் இருக்கும் எஞ்சின் அறை வெறும் எஃகு, இரவில் உறையும். பேட்டரியை உள்ளே, கட்டிலுக்கடியில் கொண்டுவா. பணம் இருந்தால் லித்தியம். இல்லையென்றால் நல்ல ஈயப் பேட்டரி, அதோடு மின்கணக்குக் காட்டும் மானிட்டர். மானிட்டர் இல்லாமல் எந்தப் பேட்டரியும் வேண்டாம்.

மிக்ஸி ஓடுமா? ஓடும். 750 வாட் மிக்ஸி இன்வர்ட்டர் வழியே எழுபது ஆம்பியர் இழுக்கும், பார்க்கப் பயமாயிருக்கும். ஆனால் தேங்காய்ச் சட்னிக்கு எத்தனை நிமிடம்? ஐந்து நிமிடத்துக்கு ஆறு ஆம்பியர் மணிகூட ஆகாது. தூய சைன் அலை இன்வர்ட்டராக மட்டும் இருக்கட்டும், மலிவு ரகத்தில் மோட்டார் முனகிச் சூடாகும். எதிர்மாறானது ஹீட்டர் வகையறா. ஒரு கிலோவாட் அறைச் சூடாக்கியை ஒரு மணி நேரம் ஓட்டினால் எங்கள் ஒருநாள் மின்சாரம் காலி. கெட்டில் நடுவில் நிற்கிறது. ஒரு லிட்டருக்குப் பத்து ஆம்பியர் மணிக்குள்தான் ஆகும். ஆனால் 3 கிலோவாட் கெட்டிலுக்கு 250 ஆம்பியருக்கு மேல் தாங்கும் இன்வர்ட்டரும் கட்டைவிரல் தடிமனுக்குக் கம்பியும் வேண்டும். கணப்பின் மேல் இரும்புக் கெட்டில் நாள் முழுக்கச் சும்மா கொதித்துக்கொண்டிருக்கும்போது எதற்கு?

டிசம்பர் 14

ஐஸ். படகை எடுக்க முடியாது. உடைத்துக்கொண்டு போனால் நீர்மட்டத்தில் பூசிய கருப்புத் தாரைச் சுரண்டிவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றிப் பூசுவது அது.

கழிவறையைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான நாள் வராது. படகுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பத்தாவது நிமிடம் பேச்சு இங்கேதான் வரும். மூன்று வகை. பெரிய தொட்டியில் சேர்த்துவைத்து, மரீனாவில் காசு கொடுத்து உறிஞ்சி எடுக்கும் வகை. இருபது லிட்டர் கேசட்டில் சேர்த்து நாமே தூக்கிப்போய், எல்சன் என்று சொல்லும் பொதுக் கழிவுத் தொட்டியில் கொட்டும் வகை. சிறுநீரைத் தனியே பிரித்து, திடக்கழிவை மட்கவைக்கும் வகை. முதலாவது ஜூன் மாதத்தில் சொகுசு. இன்றைக்கு அந்தத் தொட்டி நிரம்பினால் என்ன செய்வது? மூன்றாவதில் நாற்றமில்லை, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் மட்க ஓராண்டாவது வேண்டும். பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுவதை, கால்வாய்களை நிர்வகிக்கும் அறக்கட்டளை 2021 இறுதியோடு நிறுத்திவிட்டது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவர் அதை எங்கே வைப்பார்? கேசட் வாங்கு. கூடவே இரண்டு உதிரிக் கேசட்டும் ஒரு தள்ளுவண்டியும். இன்று காலை இவர் உறைந்த நடைபாதையில் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். "இதுக்குத்தான் இங்கிலாந்துக்கு வந்தோமா" என்றார். சிரித்துக்கொண்டுதான்.

தண்ணீர்க் குழாயும் உறைந்திருக்கலாம் என்பதால் பத்து லிட்டர் கேன்கள் நான்கு நிரப்பி வைத்திருக்கிறோம். முன்பக்கத் தொட்டியில் 500 லிட்டர் பிடிக்கும். துணி இயந்திரம் ஒரு தடவைக்கு ஐம்பது லிட்டர் குடிக்கும் என்பதை நினைத்துப் பார்.

ஜனவரி 20, பக்பி லாக்குகளுக்குக் கீழே

புரொப்பல்லரில் ஏதோ சுற்றிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அடிமூடியைத் திறந்து, உறையும் தண்ணீரில் தோள்வரை கையை விட வேண்டும். நீலக்கயிறும் ஒரு முழுப் பாவாடையும் வந்தன. இதற்கென்று விற்கும் கருவிகளைவிடப் பல்லுள்ள ரொட்டிக் கத்தி மேல். மூடியைத் திரும்ப இறுக்கினோமா என்பதை இருவரும் தனித்தனியே பார்ப்போம். தளர்வாக இருந்து எஞ்சினைக் கிளப்பினால் படகு மூழ்கும்.

மலிவான சாமான்களைச் சொல்லி முடித்துவிடுகிறேன்: கரையில் இரும்புத் தகடு அடித்திருந்தால் அதில் மாட்டும் கொக்கிகள், மற்ற இடத்துக்கு முளைகளும் சம்மட்டியும், நடுக்கயிறு, நீண்ட கழி, பலகை, குடிநீர்த் தரத்தில் ஹோஸ், குழாய்ச் சாவி.

பிப்ரவரி 26, பிரான்ஸ்டன்

தம்பி நேரில் வந்திருந்தான். நோட்டைப் படித்துவிட்டு ஏர் ஃபிரையரையும் இண்டக்ஷனையும் அடித்தான். துணி இயந்திரத்துக்கு மட்டும் வாதாடினான். "மாசத்துக்கு ரெண்டு தடவைதானே அக்கா, எஞ்சின் ஓடுறப்ப போட்டுக்கறேன்." போட்டுக்கொள்ளட்டும். தண்ணீர் தூக்கப்போவது அவன்.

ஒரு படகு பார்த்துவைத்திருக்கிறானாம். உள்ளே ஓக் பலகை, புது ஃபிரிட்ஜ், சோலார் என்று ஒரு மணி நேரம் வர்ணித்தான். அடித்தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். கட்டியபோது பத்து என்று விற்பவர் சொன்னாராம். இப்போது எத்தனை என்று அவருக்குத் தெரியாதாம். துரு குழி பறித்து, பக்கத்தகடு நான்குக்குக் கீழே போயிருந்தால் காப்பீட்டுக்காரர்கள் தயங்குவார்கள், மேலே வெல்டிங் செலவு படகு விலையில் பாதியைத் தொடும். வரும் வியாழக்கிழமை படகைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து, மீயொலியால் தகட்டை அளக்க ஒரு சர்வேயரை ஏற்பாடு செய்திருக்கிறோம். எண் கைக்கு வந்தபிறகு பேட்டரியைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன்.