ஒரே பீரோவை ஐந்து பேர்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு எல்.ஐ.சி. பாண்டு காணாமல் போய்விட்டது. வீட்டில் மொத்தம் ஐந்து பேர். ஐவரும் களத்தில் குதித்தோம். இரண்டு மணி நேரம். கடைசியில் பார்த்தால், ஐந்து பேரும் அதே கோத்ரெஜ் பீரோவைத்தான் மாற்றி மாற்றிக் கலைத்துப் போட்டிருக்கிறோம். ‘‘பரண் மேல யாராவது பார்த்தீங்களாடா?’’ என்று அம்மா கேட்டபோது, ‘‘நீங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்’’ என்று மனைவி என்னைக் காட்ட, நான் பையனைக் காட்ட... பாண்டு பரணில், ஓட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இதே கதைதான். உலகத்தின் பெரிய ராணுவங்கள் கோடி கோடியாகக் கொட்டி மண்டையை உடைத்துக்கொள்வதும் இதற்குத்தான். ஒரு ட்ரோனைத் தேட அனுப்புவது சுலபம். நூறு ட்ரோன்களை அனுப்பி, ஒன்று பார்த்த இடத்தையே இன்னொன்று பார்க்காமல், ஒரு மூலையும் விட்டுப்போகாமல் தேடவைப்பது எப்படி?

ஏர் உழுகிற மாதிரி போகலாம். ஆளுக்கொரு துண்டு நிலம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு சால், திரும்பி இன்னொரு சால். இன்றைக்கும் பாதித் தேடல் இப்படித்தான் நடக்கிறது. சிக்கல் என்னவென்றால், நடுவில் நாலு ட்ரோன் விழுந்துவிட்டால் அந்த நாலு துண்டும் உழாமலே கிடக்கும். தேடப்படுகிற ஆசாமியும் பாண்டு மாதிரி பரணில் படுத்திருக்க மாட்டான். நகர்ந்துவிடுவான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட அமெரிக்கக் கடற்படை கணித ஆசாமிகளைக் கூப்பிட்டது. அவர்களில் பெர்னார்ட் கூப்மன் என்பவர் தேடுவதற்கென்றே ஒரு கணக்கை உருவாக்கினார். அந்தக் கணக்கின் வாரிசுகள் சொல்வது எளிமையானது: எங்கே கிடைக்க வாய்ப்பு அதிகமோ அங்கே அதிக நேரம் செலவழி. ஓரிடத்தில் தேடிக் கிடைக்கவில்லையா, அந்த இடத்தின் மார்க்கைக் குறை. மற்ற இடங்களின் மார்க் தானாக ஏறும். பீரோவில் ஒருமுறை இல்லையென்றாலே பரணின் மதிப்பு ஏறியிருக்க வேண்டும். எங்களுக்கு ஏறவில்லை.

இன்றைய ட்ரோன் கூட்டத்தில் ஒவ்வொன்றின் மூளையிலும் கட்டம் கட்டமாக ஒரு வரைபடம் இருக்கும். ஒரு கட்டத்தைப் பார்த்து முடித்ததும் பக்கத்திலிருக்கிற ட்ரோன்களுக்கு ரேடியோவில் சொல்லிவிடும். எறும்பு வாசனை விட்டுப் போகிறதே, அந்த உத்திதான். எறும்பின் வாசனை ‘வா, இங்கே சர்க்கரை’ என்று அழைக்கும். இந்த வாசனை ‘வராதே, நான் பார்த்தாச்சு’ என்று தள்ளும். நேரமாக ஆக அது மங்கிப்போகும்படி எழுதிவைப்பார்கள். ஏனென்றால் பார்த்த இடத்துக்கே எதிரி மறுபடி வந்து உட்காரலாம்.

முட்டிக்கொள்ளாமல் பறப்பதற்கும் தலைவன் தேவையில்லை. 1986-ல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கர் கம்ப்யூட்டரில் பறவைக் கூட்டம் ஒன்றைப் பறக்கவிட்டார். மூன்றே விதிகள். இடிக்காதே. பக்கத்தில் இருப்பவன் போகும் திசையில் போ. கூட்டத்தை விட்டு விலகாதே. அவ்வளவுதான், திரையில் நிஜப் பறவைகள் மாதிரியே வளைந்தன, பிரிந்தன, சேர்ந்தன.

2016 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சைனா லேக்கில் மூன்று போர் விமானங்கள் 103 குட்டி ட்ரோன்களை வானில் உதிர்த்துவிட்டுப் போயின. பெயர் பெர்டிக்ஸ். கௌதாரி வகைப் பறவை ஒன்றின் விஞ்ஞானப் பெயர் அது. இந்தக் கௌதாரிகளுக்குத் தலைவன் கிடையாது. எது விழுந்தாலும் மிச்சம் இருப்பவை வேலையைப் பிரித்துக்கொள்ளும்.

2022 ஜனவரியில் டெல்லியில் பாசறை திரும்பும் நிகழ்ச்சியன்று ஆயிரம் ட்ரோன்கள் வானத்தில் கோலம் போட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது வேறு ஜாதி. எது எப்போது எங்கே நிற்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்த நடனம். கௌதாரிகள் அங்கேயே யோசிக்கிறவை.

எல்லாம் சரி. ‘இலக்கைத் தேடு’ என்கிறோமே, கிடைத்தது இலக்குதான் என்று யார் சொல்வது?

2021 ஆகஸ்ட் 29, காபூல். மூன்று நாள் முன்புதான் விமான நிலைய வாசலில் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்களும் ஏராளமான ஆப்கானியர்களும் செத்திருந்தார்கள். அடுத்த தாக்குதலுக்கு வெள்ளை டொயோட்டா கொரோலா வருகிறது என்று உளவுத் தகவல். காபூலில் வெள்ளை கொரோலாவைத் தேடுவது, நம்மூரில் ஒரு காலத்தில் வெள்ளை அம்பாஸடரைத் தேடிய மாதிரி. ஒரு கார் கிடைத்தது. சுமார் எட்டு மணி நேரம் அமெரிக்க ட்ரோன்கள் அதன் தலைக்கு மேலேயே இருந்தன. எல்லாம் மனிதர்கள் இயக்கியவை, மனிதர்கள் பார்த்தவை. காரில் ஏதோ கனமான கேன்களை ஏற்றுகிறார்கள். வெடிமருந்து! சாயங்காலம் வீட்டு வாசலில் கார் நின்றபோது ஏவுகணை விழுந்தது. பத்து பேர் செத்தார்கள். ஏழு பேர் குழந்தைகள்.

காரை ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர். கேன்களில் இருந்தது தண்ணீர்.

நான் பி.காம். ட்ரயல் பேலன்ஸ் போடச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் முதல் வகுப்பிலேயே ஒன்று சொன்னார். ‘‘டேலி ஆயிடுச்சுன்னா கணக்கு சரின்னு அர்த்தமில்லைப்பா.’’ முதல் பதிவே தப்பாக விழுந்திருந்தால், பற்றிலும் வரவிலும் அதே தப்பு சமமாக ஏறி, கடைசியில் பைசா சுத்தமாக டேலி ஆகும். கூட்டத்தில் ஒரு ட்ரோன் ‘வெள்ளை கார், சந்தேகம்’ என்று பதிந்தால் அக்கம்பக்கத்து ட்ரோன்கள் வந்து பார்த்து உறுதி செய்யும். எல்லாவற்றுக்கும் ஒரே கண், ஒரே பாடம். அவை சொல்வது பத்துப் பேர் சாட்சியா, ஒருவரே பத்து முறை போட்ட கையெழுத்தா?

காபூல் விஷயத்தில் செப்டம்பர் 17-ல் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது நாள். டிசம்பரில், யாருக்கும் தண்டனை இல்லை என்று பென்டகன் அறிவித்தது. மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து, மனிதர்கள் பொத்தானை அழுத்திய ஒரு விவகாரத்திலேயே இப்படி. தலைவனே இல்லாத நூறில் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள்? ஆயுதம் எவ்வளவு தானியங்கியாக இருந்தாலும் ‘தகுந்த அளவு’ மனிதத் தீர்ப்பு இருக்கவேண்டும் என்று 2012-ல் எழுதி 2023-ல் புதுப்பித்த விதி அமெரிக்க ராணுவத்திடம் இருக்கிறது. நூறு ட்ரோனுக்கு ஒரு மனிதர், ஒரு திரை, சில விநாடிகள்... இது தகுந்த அளவா? எனக்குப் பதில் தெரியவில்லை.

2019 கோடையில் சென்னையில் தண்ணீர் இல்லாமல் தவித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த இரண்டு மாதமும் தினமும் சாயங்காலம் ஆபீஸில் கேன்களை நிரப்பி, காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவேன். கார் சத்தம் கேட்டதும் பையன் கேனைப் பிடிக்க வாசலுக்கு ஓடிவருவான். என் காரும் வெள்ளைதான்.