காப்பி, பேஸ்ட், ஒரு பிரிண்ட் ஸ்கிரீன்

பொட்டி தட்டுறவனுக்கு கீபோர்டுல மூணு பட்டன் போதும்னு ஒரு அரதப்பழசு ஜோக் உண்டு. கன்ட்ரோல், சி, வி. நானும் சிரிச்சவன்தான். ஆனா அந்த மூணு பட்டனை வச்சு இருபத்தேழு பேர் பணத்துல நான் கை வச்ச கதை ஒண்ணு இருக்கு. இதுவரை வீட்டுலகூட சொன்னதில்லை. இப்ப கொசுவத்தி சுத்திடலாம்.

வருஷம் 2019. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். ப்ராஜெக்ட் எதுவும் கிடைக்காம பெஞ்ச்ல உட்கார்ந்து தேய்ச்சிட்டிருந்தேன். சும்மா இருக்கிறவனைப் பார்த்தா ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரு வேலை ஞாபகம் வரும் இல்லையா? அட்மின் சார் கூப்பிட்டார். "தம்பி, உனக்கு எக்ஸெல் தெரியுமா?" இன்ஜினியரிங் படிச்சவனைப் பார்த்துக் கேக்கிற கேள்வியா இது? "தெரியும் சார்"னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அங்க பிடிச்சது சனி.

வேலை இதுதான். ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க 130 பேர். எல்லார் பேரும் ஒரு மாஸ்டர் ஷீட்ல இருக்கு. அதுல எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் பணத்துக்கு ஒரு காலம். பகல் ஷிஃப்ட் தொகையை ஏற்கெனவே போட்டுட்டாங்க. நைட் ஷிஃப்ட் 42 பேருக்கு மட்டும் ஜீரோவா நிக்குது. காண்டிராக்ட் ஆளு, அதாவது சூப்பர்வைசர் அண்ணன், ஷேர்டு ஃபோல்டர்ல ஒரு ஃபைல் போட்டிருப்பார். அதுலேர்ந்து 42 தொகையை எடுத்து மாஸ்டர்ல ஒட்டணும். ரெண்டு நிமிஷ வேலை.

மாஸ்டர்ல நைட் ஷிஃப்ட்னு ஃபில்டர் போட்டேன். 42 வரி தெரிஞ்சது. ரெண்டு ஃபைல்லயும் ஐடி நம்பர் வரிசை ஒண்ணாத்தான் இருந்தது. அங்க காப்பி, இங்க முதல் வரியில பேஸ்ட். மேல இருந்த ஆறு பேரைச் சரி பார்த்தேன். கரெக்டா இருந்தது. சேவ் பண்ணி அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

என்ன ஆச்சுன்னு எக்ஸெல் தெரிஞ்சவங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்காக: ஃபில்டர் போட்ட இடத்துலேர்ந்து காப்பி பண்ணா, கண்ணுக்குத் தெரியற வரி மட்டும்தான் வரும். ஆனா ஃபில்டர் போட்ட இடத்துல ஒரு நீளப் பட்டியலை பேஸ்ட் பண்ணா, அது மறைஞ்சிருக்கிற வரியிலயும் போய் விழும். எடுக்கும்போது ஒரு நியாயம், ஒட்டும்போது இன்னொரு நியாயம். முதல் ஆறு பேர் மாஸ்டர்ல அடுத்தடுத்த வரியில இருந்ததால அவங்களுக்குச் சரியா விழுந்துச்சு. அதுக்கப்புறம் மறைஞ்சிருந்த பகல் ஷிஃப்ட் ஆளுங்க 27 பேர் தொகை மேல நைட் ஷிஃப்ட் தொகை ஏறி உட்கார்ந்துடுச்சு. கடைசியில இருந்த நைட் ஷிஃப்ட் ஆளுங்க 27 பேருக்கு ஜீரோ ஜீரோவாவே நின்னுடுச்சு. ஒருதடவை கடைசி வரி வரைக்கும் இறங்கிப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். பார்க்கலை.

சம்பளம் போட்ட மறுநாள் காலைல, நைட் முடிச்சுக் கிளம்பற நேரத்துல, எங்க ஃப்ளோர் அக்கா என் சீட்டுகிட்ட வந்து நின்னாங்க.

"தம்பி, தீபாவளி மாசம் பதினோரு நைட்டு எக்ஸ்ட்ரா பார்த்தேன். ஒரு ரூபா வரல. சூப்பர்வைசரைக் கேட்டா நான் எழுதித்தான் குடுத்தேங்கிறாரு. ஆபீஸ்ல கேட்டா கம்ப்யூட்டர்ல ஜீரோன்னு இருக்குங்கிறாங்க. பொண்ணுக்கு பாலிடெக்னிக்ல பீஸு கட்டணும். நீ கம்ப்யூட்டர் பார்க்கிற புள்ளதானே, கொஞ்சம் பார்த்துச் சொல்றியா?"

ஒரு நைட்டுக்கு 600 ரூபா. பதினோரு நைட்டுக்கு 6,600. நான் அப்ப வாரக் கடைசியில ஊருக்குப் போயிட்டு வர்ற செலவு அது.

அட்மின் சார்கிட்ட போய்க் கேட்டேன். அவர் முடிவே பண்ணிட்டார். "அந்த சூப்பர்வைசர்தான் ஜீரோ போட்டுக் குடுத்துட்டு இப்பக் கதை விடறான். அவன் ஃபைலைத் தொறந்து பாரு, நவம்பர் கணக்கு இருக்கு. பழசு எங்கடான்னா அதே ஃபைல்லதான் மேல எழுதினேங்கிறான். ஏஜென்சிகிட்ட சொல்லி ஆளை மாத்தப் போறேன்."

அண்ணன் மாசாமாசம் ஒரே ஃபைலைத்தான் அழிச்சு அழிச்சு எழுதுவார். அதனால அக்டோபர் கணக்குக்கு சாட்சி இல்லை. ஒரே ஒரு இடத்தைத் தவிர.

அந்த ஃபைல்ல பணத்துக்கு ரெண்டு காலம் இருந்தது. எதை எடுக்கணும்னு குழப்பமா இருந்ததால, ஒரு காலத்தை செலக்ட் பண்ணி, ஆல்ட்டும் பிரிண்ட் ஸ்கிரீனும் அமுக்கி, அந்தப் படத்தை மெயில்ல ஒட்டி, "இதுவா சார்?"னு கேட்டிருந்தேன். சாரும் "ஆமா"ன்னு ஒரே வார்த்தையில பதில் போட்டிருந்தார். ரெண்டு பேருமே அதை மறந்துட்டோம். அன்னிக்கு சாயங்காலம் சென்ட் ஐட்டம்ஸ்ல தேடி எடுத்தேன்.

படத்துல முப்பது வரி தெரிஞ்சது. இருபத்தேழாவது வரியில அக்கா பேரு. பக்கத்துல 6,600. மீதிப் பன்னண்டு பேர் ஸ்கிரீனுக்குக் கீழே போயிட்டாங்க. ஆனா காலத்தை செலக்ட் பண்ணி வச்சிருந்ததால, அடியில ஸ்டேட்டஸ் பார்ல கவுன்ட் 42, சம் 1,38,600ன்னு அழகா இருந்தது. நான் அனுப்பின மாஸ்டரைத் தொறந்து நைட் ஷிஃப்டை மட்டும் கூட்டினேன். அந்தத் தொகை பக்கத்துலகூட வரலை. ஃபில்டரை எடுத்துவிட்டுப் பார்த்தா, 42 தொகையும் முதல் 42 வரியில வரிசையா உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்குது.

பொய் சொல்ல விரும்பலை. உடனே ஓடிப்போய் ஒத்துக்கலை. அந்தப் படம் இருக்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும். பெஞ்ச்ல இருக்கிறவன், வேலை உறுதிகூட ஆகலை. டெலிட் பட்டன் மேல கை போகலை, ஆனா அது எங்க இருக்குன்னு கண்ணு பார்த்துச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கமில்லை. மறுநாள் காலைல அந்த மெயிலையே அட்மின் சாருக்கு ஃபார்வர்ட் பண்ணி, "சூப்பர்வைசர் ஃபைல் சரி, நான் ஒட்டினது தப்பு"ன்னு எழுதினேன். சார் ரூமுக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் காய்ச்சினார். கடைசியில, "நீயா சொல்லாட்டி தெரிஞ்சிருக்காதுய்யா"ன்னார். திட்டா பாராட்டான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

பகல் ஷிஃப்ட் தொகை வேறொரு மெயில் அட்டாச்மென்ட்ல இருந்ததால எல்லாத்தையும் சரி பண்ண முடிஞ்சது. பணம் போய்ச் சேர அஞ்சு நாள் ஆச்சு. பகல் ஷிஃப்ட்ல கூடுதலா வாங்கினவங்களுக்கு அடுத்த மாசம் பிடிச்சாங்க. அவங்க செலவு பண்ணிட்டாங்கன்னா அதுக்கு அவங்களா பொறுப்பு? அந்தக் கேள்வியை யாரும் கேக்கலை, நானும் கேக்கலை.

அக்காகிட்ட போய் தப்பு என்னுதுதான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "பணம் வந்துருச்சு தம்பி. பீஸுக்கு நாள் ஆயிருச்சேன்னு கம்மலை வச்சுக் கட்டிட்டேன். மீட்டுக்கலாம்"னாங்க. அப்புறம், "அந்தப் படம் புடிக்கிற பட்டன் எது?"ன்னு கேட்டாங்க. காட்டினேன். "இத்தனை நாளா இதைத் தொடைச்சிருக்கேன், தெரியாம போச்சே"ன்னாங்க.

பெரிய இடத்துலயும் இந்தக் கூத்து நடக்கும்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2003ல டிரான்ஸ்ஆல்டான்னு ஒரு கனடா மின்சாரக் கம்பெனி, எக்ஸெல்ல கட்-பேஸ்ட் பண்ணும்போது வரி மாறிப் போய், ஏலத்துல தப்பான விலை கேட்டு 2.4 கோடி டாலர் விட்டுச்சு. 2020ல இங்கிலாந்து சுகாதாரத் துறை, லேப்லேர்ந்து வந்த கொரோனா கணக்கைப் பழைய எக்ஸெல் ஃபார்மட்டுக்கு மாத்தினாங்க. அதுல 65,536 வரிக்கு மேல நிக்காது. மிச்சம் வெளியில போயிடுச்சு. 15,841 நோயாளிங்க ஒரு வாரமா கணக்குலயே வரலை. அவங்க கூடப் பழகினவங்களுக்கு எச்சரிக்கையும் லேட்டாத்தான் போச்சு. ரெண்டுலயும் எக்ஸெல் ஒரு வார்த்தை கத்தலை. அதான் அதோட குணம். தப்பா ஒட்டினாலும் சரியா ஒட்டினாலும் ஒரே மாதிரி அமைதியா இருக்கும்.

அதனால நான் இப்ப பண்றது இதுதான். ஃபில்டர் போட்ட இடத்துல ஒட்டுறதே இல்லை. ஐடி நம்பரை வச்சு விலுக்அப் போட்டு இழுத்துக்கறேன். அதுலயும் கடைசியில ஃபால்ஸ் போட மறக்கறதில்லை, இல்லைன்னா கிட்டத்தட்ட பொருந்தறதை எடுத்துட்டு வந்து நிக்கும். அப்புறம் எடுத்த இடத்துல எண்ணிக்கை, கூட்டல். ஒட்டின இடத்துல எண்ணிக்கை, கூட்டல். ரெண்டும் ஒண்ணான்னு பார்ப்பேன். கடைசி வரியைக் கண்ணால பார்ப்பேன். ஒட்டறதுக்கு முன்னாடி விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் அமுக்கி, ஸ்டேட்டஸ் பாரோட சேர்த்து ஒரு படம். தேவைப்படாதுன்னு தெரியும். அன்னிக்கும் தேவைப்படாதுன்னுதான் நினைச்சேன்.

பி.கு: கம்மலை மறு பொங்கலுக்குள்ள மீட்டுட்டாங்க. வட்டியை நான் தரேன்னு சொன்னதுக்கு, "போய் வேலையைப் பாரு தம்பி"ன்னுட்டாங்க. அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன், கடைசி வரி வரைக்கும்.