எனக்குத் தேவையான உயரம்

"உங்கள் கணவருக்கு எத்தனை அங்குலம் உயர்த்த வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

வண்டி என்னுடையது. 1994 ஃபோர்டு எஃப்-150. ஆல்பர்ட்டாவில் பண்ணை வீடுகளுக்குச் சென்று முதியவர்களைக் கவனிக்கும் செவிலி நான். ஏப்ரலில் பனி உருகினால் மண்சாலை சேறாகிவிடும். சென்ற ஆண்டு இரண்டு முறை நடுவழியில் புதைந்து நின்றேன். அதனால்தான் 33 அங்குல டயர்.

அவர் 6 அங்குல லிஃப்ட் கிட்டைக் காட்டினார். "எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்" என்றார். ஐந்தடிப் பெண்ணை எல்லோரும் குனிந்துதான் பார்த்திருக்கிறார்கள். ஆசை வராமல் இருக்குமா?

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் படித்தேன். பாடி லிஃப்ட், சேஸிலிருந்து கூண்டை மட்டும் தூக்கும். சஸ்பென்ஷன் லிஃப்ட் சேஸையும் சேர்த்துத் தூக்கும். பின் அச்சை இரண்டுமே தூக்காது. சேற்றில் இடிப்பதோ அந்த அச்சுதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே; விட்டம் 4 அங்குலம் கூடினால் அச்சு 2 அங்குலம் உயரும். பெரிய டயர் உரசாமல் திரும்ப இடம் தருவதே லிஃப்டின் வேலை. அதற்கு மேல் உயர்த்துவதெல்லாம் பார்ப்பவர்களுக்காக.

மறுவாரம் மருந்துப் பையோடு போய், கடையில் நின்ற 6 அங்குல வண்டியில் ஏறிப் பார்த்தேன். மூன்றாவது முயற்சியில்தான் ஏற முடிந்தது. ஒரு நாளில் எட்டு வீடுகள், ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டும்.

4 அங்குல சஸ்பென்ஷன் கிட், ஏறுவதற்கு ஒரு படி, வீல் அலைன்மென்ட், ஸ்பீடோமீட்டர் திருத்தம் என்று வரிசையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

பில்லில் கணவர் பெயர் இருந்தது. அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொன்னேன்.